எம்.ஆர்.ஐ. மெஷினுக்குள் போனதும் தலை சுற்றுவது ஏன்?

மீனாட்சிபுரத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அவருடைய அத்தைக்குக் கழுத்து வலி, கோயம்புத்தூரில் 3 டெஸ்லா (டெஸ்லா என்பது காந்தப் புலத்தின் பலத்தை அளக்கும் அலகு) மெஷினில் எம்.ஆர்.ஐ. எடுத்திருக்கிறார்கள். டேபிள் உள்ளே நகரும்போதே, அந்தப் படபட சத்தம் ஆரம்பிக்கும் முன்னாலேயே, படுத்திருந்த இடம் மெல்லச் சுற்றுவது போல இருந்ததாம். கொஞ்ச நேரத்தில் அது நின்றுவிட்டது. ஸ்கேன் முடிந்து வெளியே இழுத்ததும் திரும்பவும் சுற்றல், ஆனால் இந்தத் தடவை எதிர்ப்பக்கமாக. இறங்கி நடந்தபோது கள்ளு குடித்த ஆள் மாதிரித் தள்ளாடினாராம். அங்கே இருந்தவர்கள் "பயத்துல அப்படித்தாம்மா தோணும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஊரில் "ரேடியேஷன் தலைக்கு ஏறிடுச்சு" என்கிறார்கள். டாக்டர் மறுபடி ஒரு ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார், போகலாமா கூடாதா என்பது கேள்வி. கூடவே, காது மெஷின் போட்டிருக்கும் மாமாவுக்கும் ஸ்கேன் எடுக்க வேண்டியிருக்கிறது, எடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

நான் பாலக்காட்டில் எம்.ஆர்.ஐ. டெக்னீஷியன், வீடு கொழிஞ்சாம்பாறையில். சித்தூர், கொல்லங்கோடு, கோவிந்தாபுரம் பக்கமிருந்து வருகிறவர்களில் பாதிப்பேர் தமிழில் பேசுவார்கள், பாதிப்பேர் மலையாளத்தில், ஆனால் டேபிளை வெளியே இழுத்ததும் சிலர் சொல்வது மட்டும் இரண்டு பாஷையிலும் ஒன்றுதான்: தலை சுத்துது, தல கறங்குந்நு. அதனால் இதைக் கொஞ்சம் தேடிப் படித்து வைத்திருக்கிறேன்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். அத்தைக்கு வந்தது பயத்தால் வந்ததாகத் தெரியவில்லை. ரேடியேஷனும் கிடையாது, எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேனில் இருக்கிற மாதிரியான கதிர்வீச்சே இல்லை. மெஷினில் இருக்கும் பெரிய காந்தம் அவருடைய உள்காதைத் தள்ளியிருக்கிறது. நிஜமாகவே, கையால் தள்ளுவது போல இல்லை என்றாலும், ஒரு விசை உள்ளே இருக்கும் திரவத்தைத் தள்ளியிருக்கிறது. தானாகச் சரியாகிவிடும், இதனால் நிரந்தரமான கெடுதல் எதுவும் வருவதாக இதுவரை யாரும் காட்டவில்லை. ஆனால் ஸ்கேன் முடிந்து எழும்போது வருகிற எல்லாத் தலைசுற்றலும் காந்தத்தால்தான் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அத்தை சொன்னதில் இரண்டு விஷயம் எனக்கு முக்கியமாகப் பட்டது. ஒன்று, சத்தத்துக்கு முன்னாலேயே சுற்றியது. எம்.ஆர்.ஐ. மெஷினில் சத்தம் போடுவது வேறு பாகம், படம் எடுக்கும்போது மட்டும் மின்சாரம் பாயும் கிரேடியன்ட் காயில்கள். பெரிய காந்தம் வேறு. அது திரவ ஹீலியத்தில், மைனஸ் 269 டிகிரியில் மூழ்கிக் கிடக்கும் சூப்பர்கண்டக்டிங் கம்பிச் சுருள், ராத்திரி பகல் எந்நேரமும் ஆனில்தான் இருக்கும், நாங்கள் லைட்டை அணைத்து வீட்டுக்குப் போன பிறகும். ஆக, சத்தமே இல்லாமல் டேபிள் நகர்ந்துகொண்டிருக்கும் அந்த நேரத்திலேயே தலை முழுக் காந்தப் புலத்துக்குள் போய்விடுகிறது. நம் ஊரில் பூமியின் காந்தப் புலம் கிட்டத்தட்ட 40 மைக்ரோடெஸ்லா. 3 டெஸ்லா என்றால் அதைப்போல 75,000 மடங்கு. இரண்டாவது விஷயம், வெளியே வந்தபோது எதிர்ப்பக்கம் சுற்றியது. பயந்து தோன்றுவதற்கு இப்படி ஒரு கணக்கு இருக்காது.

இனி காதுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஒவ்வொரு உள்காதிலும் மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன, மூன்றும் மூன்று திசையில். அவை எல்லாம் யூட்ரிக்கிள் என்ற ஒரு சின்னப் பையில் வந்து சேர்கின்றன. உள்ளே எண்டோலிம்ஃப் என்ற திரவம், அதில் பொட்டாசியம் அயனிகள், அதாவது மின்னேற்றமுள்ள அணுக்கள், ஏராளம். ஒவ்வொரு குழாயின் ஒரு முனையிலும் குறுக்கே ஜெல் மாதிரி ஒரு மெல்லிய தடுப்பு நிற்கிறது, குபுலா என்பார்கள். தலையைத் திருப்பினால் குழாய் திரும்பும், திரவம் உடனே கூடத் திரும்பாமல் பின்தங்கும், அந்த வேகத்தில் குபுலா வளையும், அதற்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய முடிகள் வளையும், அந்த முடிகளை உடைய முடிசெல்கள் மூளைக்குச் சொல்லும்: தலை இந்தப் பக்கம் திரும்புகிறது. மூளை அந்தக் கணமே கண்ணை எதிர்ப்பக்கம் நகர்த்திவிடும், அதனால்தான் நடக்கும்போதும் பஸ்ஸில் குலுங்கும்போதும் போர்டைப் படிக்க முடிகிறது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது, முடிசெல்களுக்குள் பொட்டாசியம் அயனிகள் சும்மா இருக்கும்போதும் பாய்ந்துகொண்டே இருக்கும் என்பது. தலை அசையாவிட்டாலும் நிற்காது. அயனி பாய்கிறது என்றால் அது மின்னோட்டம். மின்னோட்டம் காந்தப் புலத்துக்குள் இருந்தால் இரண்டுக்கும் செங்குத்தாக ஒரு விசை வரும், பள்ளிக்கூடத்தில் விரல்களை விரித்து வைத்துப் படித்தோமே, ஃபிளெமிங்கின் இடக்கை விதி, அதேதான். லாரன்ஸ் விசை என்று பெயர். யூட்ரிக்கிளில் இருக்கும் ஆயிரக்கணக்கான முடிசெல்களுக்குள் பாயும் மின்னோட்டத்தின் மேல் இந்த விசை விழுந்து, அது அங்கே இருக்கும் எண்டோலிம்ஃபைத் தள்ளுகிறது. பக்கத்திலேயே படுக்கைவாட்டுக் குழாயின் குபுலாவும் முன்பக்கக் குழாயின் குபுலாவும் நிற்கின்றன. திரவம் தள்ளியதும் அவை வளைகின்றன. ரொம்பக் கொஞ்சம்தான், ஆனால் நூல் அளவுத் திரும்பலையும் உணரும்படி அமைந்த உறுப்பு அது, அதற்கு இதுவே போதும். தலை அசையாமல் கிடக்கிறது, காது மட்டும் "சுற்றுகிறோம்" என்கிறது.

இதைக் கண்டுபிடித்த கதை சுவாரசியமானது. மெஷின்கள் பெரிதாக ஆனதிலிருந்தே புகார் இருந்தது. 1992-லேயே 4 டெஸ்லா மெஷினில் படுத்தவர்களுக்குத் தலைசுற்றல், குமட்டல், வாயில் இரும்புச் சுவை வந்ததாக எழுதி வைத்திருக்கிறார்கள். எலிகளை 7 டெஸ்லா, 14 டெஸ்லா காந்தங்களுக்குள் வைத்து எடுத்தால் ஒரே பக்கமாக வட்டமடித்து ஓடின, உள்காதை அகற்றிய எலிகள் அப்படி ஓடவில்லை. ஆக, விஷயம் காதில்தான் என்று தெரிந்துவிட்டது, எப்படி என்றுதான் தெரியவில்லை. ரொம்ப நாள் பெரும்பாலோர் நினைத்தது, தலை காந்தப் புலத்துக்குள் நகரும்போது உள்ளே மின்சாரம் தூண்டப்படுகிறது, அது காதைக் கிளறுகிறது என்று. நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் கிளவர் குழு 2007-ல் இதையெல்லாம் கணக்குப் போட்டுப் பார்த்தது. நகர்வதால் வரும் விளைவும் உண்டுதான், அதை நான் மறுக்கவில்லை. படம் எடுக்க நோயாளிமேல் வைக்கும் காயிலை மாட்டக் குனிந்துவிட்டு மெஷின் வாயருகே தலையை வெடுக்கென்று திருப்பினால் எனக்கே ஒரு நொடி தரை நழுவும். மெஷின் வாயில்தான் புலம் சட்டென்று ஏறுகிற இடம், உள்ளே நடுவில் அது ஒரே சீராக இருக்கும்.

ஆனால் அசையாமல் கிடப்பவருக்கு? அதற்கு விடை இத்தாலியிலிருந்து ஆரம்பித்தது. நேப்பிள்ஸில் மார்செல்லி என்ற மருத்துவரின் குழு, காதுக்குள் குளிர்ச்சி காட்டினால் மூளையில் எந்த இடம் வேலை செய்கிறது என்று பார்க்க ஆட்களை 1.5 டெஸ்லா மெஷினுக்குள் படுக்க வைத்தது. (காதில் தண்ணீர் விட்டுத் தலைசுற்றலைச் சோதிப்பது பழைய முறை, இதை ஆராய்ந்த ராபர்ட் பாரானிக்கு 1914-க்கான நோபல் பரிசே கிடைத்தது.) அவர்கள் காதில் ஒன்றும் செய்வதற்கு முன்னாலேயே, இருட்டில், அந்த ஆட்களின் கண்கள் தாமாக நகர்ந்துகொண்டிருந்தன. அந்த அசைவு எப்படி இருக்கும் என்றால், கருவிழி ஒரு பக்கமாக மெல்ல வழுக்கிக்கொண்டே போகும், ஒரு எல்லையில் வெடுக்கென்று பழைய இடத்துக்குத் துள்ளும், மறுபடி வழுக்கும், மறுபடி துள்ளும். காது மூக்கு தொண்டை டாக்டர்கள் இதை நிஸ்டாக்மஸ் என்பார்கள். கண்ணைப் பார்த்தாலே காது என்ன சொல்கிறது என்று தெரிந்துவிடும்.

அப்புறம் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் டேல் ராபர்ட்ஸ், டேவிட் ஸீ ஆகியோர் மார்செல்லியையும் சேர்த்துக்கொண்டு இதை 3 டெஸ்லாவிலும் 7 டெஸ்லாவிலும் செய்து பார்த்து 2011-ல் வெளியிட்டார்கள். வெளிச்சமே இல்லாமல், அகச்சிவப்புக் கேமராவில் கண்ணைப் படம் பிடித்தார்கள். வெளிச்சம் ஏன் கூடாது என்றால், ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தால் மூளை அந்தக் கண்ணசைவை அடக்கிவிடும். இத்தனை வருஷம் டாக்டர்களும் எங்களை மாதிரி ஆட்களும் தினமும் நோயாளிகளை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தும் யார் கண்ணிலும் இது படாமல் போனதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அவர்கள் பார்த்தது: ஆள் அசையாமல் கிடந்தாலும் உள்ளே இருக்கிற நேரம் முழுக்க நிஸ்டாக்மஸ் இருந்தது. நகர்வதால் வரும் மின்சாரம் மட்டுமே காரணம் என்றால், டேபிள் நின்றதும் அது அடங்கியிருக்க வேண்டும். ஆளை மெஷினின் பின்பக்கமிருந்து உள்ளே அனுப்பினால், அதாவது தலைக்குப் புலத்தின் திசை தலைகீழானால், கண்ணசைவும் தலைகீழானது. திசுக்களைக் காந்தம் இழுக்கிறது, விலக்குகிறது என்ற விளக்கத்தில் இப்படித் திசை மாறாது, லாரன்ஸ் விசையில் மாறும். புலம் கூடக் கூட அசைவும் கூடியது. இரண்டு காதின் சமநிலை உறுப்பும் கெட்டுப்போனவர்களுக்கு எதுவுமே வரவில்லை. இவ்வளவும் ஒன்று சேர்ந்த பிறகு வேறு விளக்கத்துக்கு இடம் ரொம்பக் குறைவு. பிற்பாடு, ஒரு காது மட்டும் வேலை செய்பவர்களைப் படுக்க வைத்துப் பார்த்தபோது கண் மேல்கீழாகவும் நகர்ந்தது. இரண்டு காதும் சரியாக இருப்பவர்களுக்கு அந்த மேல்கீழ் அசைவு ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடுகிறது.

"என் கூட வந்தவங்களுக்கு ஒண்ணுமே ஆகலையே" என்று பலர் கேட்பார்கள். அதற்கும் இதே சோதனையில் பதில் இருக்கிறது. முகவாயை மேலே தூக்கி, கீழே தாழ்த்தித் தலையின் சாய்வை மாற்றினால் கண்ணசைவு குறைந்துகொண்டே வந்து, ஒரு கோணத்தில் முழுசாக நின்று, அதைத் தாண்டினால் எதிர்த்திசையில் ஆரம்பிக்கிறது. அந்தக் கோணம் ஆளுக்கு ஆள் வேறு. ஆகவே தலைக்குக் கீழே வைத்த பேட் எவ்வளவு உயரம், கழுத்து எவ்வளவு நிமிர்ந்திருந்தது என்பதைப் பொறுத்தே ஒருவருக்குச் சுற்றும், இன்னொருவருக்குச் சுற்றாது. முட்டி ஸ்கேன் என்றால் கால்தான் முதலில் உள்ளே போகும், தலை மெஷினின் நடுவுக்கு வராது. அத்தைக்குக் கழுத்து என்பதால் தலை நேராக உள்ளே.

சரி, கொஞ்ச நேரத்தில் ஏன் நின்றது, வெளியே வந்ததும் ஏன் எதிர்ப்பக்கம்? காந்தம் குபுலாவை வளைத்தது வளைத்தபடியே வைத்திருக்கிறது, நிற்காமல். மூளைக்கு இது பழக்கமில்லாத நிலை, எவரும் நிற்காமல் ஒரே பக்கம் வேகம் கூடிக்கொண்டே சுற்றுவதில்லை. கண், முதுகு, உள்ளங்கால் எல்லாம் "அசையவில்லை" என்று சொல்கின்றன, ஆகவே மூளை காதின் பேச்சைக் கழித்துவிட்டு, வளைந்த நிலையையே புது ஜீரோவாக வைத்துக்கொள்கிறது. சுற்றுகிற உணர்வு சீக்கிரமே, பெரும்பாலும் சில நிமிஷங்களுக்குள், மறைந்துவிடும். கண்ணசைவு மட்டும் மெல்ல மெல்லத்தான் குறையும், முழுசாகப் போகாது. ஹாப்கின்ஸ் குழு 7 டெஸ்லாவில் 90 நிமிஷம் வரை ஆட்களைப் படுக்க வைத்து இந்தப் பழகுதலை அளந்து 2016-ல் எழுதியது. பழகியபின் வெளியே இழுத்தால் குபுலா பழைய இடத்துக்குத் திரும்பும், ஆனால் மூளையின் ஜீரோ இன்னும் பழையபடி மாறவில்லை, அதனால் இப்போது எதிர்ப்பக்கம் சுற்றுவதாகத் தோன்றும். அத்தை சொன்னது இதைத்தான். யாரும் சொல்லிக்கொடுக்காமல் ஒரு வயதான அம்மா இதைத் துல்லியமாகக் கவனித்துச் சொல்லியிருக்கிறார், அதைப் போய் பயம் என்று தட்டிக்கழித்தது எனக்குப் பிடிக்கவில்லை.

கள்ளு என்று சொன்னீர்களே, அதுவும் சும்மா உவமை இல்லை. கள்ளில் இருக்கும் ஆல்கஹால் ரத்தத்திலிருந்து குபுலாவுக்குள் முதலில் இறங்குகிறது, சுற்றியுள்ள எண்டோலிம்ஃபுக்குள் போகக் கொஞ்சம் நேரமாகும். ஆல்கஹால் தண்ணீரைவிட எடை குறைவு, ஆகவே அந்த இடைவேளையில் குபுலா லேசாகி மிதக்கப் பார்க்கும், படுத்ததும் வீடு சுற்றும். சில மணி நேரத்தில் ஆல்கஹால் குபுலாவை விட்டு முதலில் வெளியேறும்போது கணக்கு தலைகீழாகி எதிர்த்திசையில் சுற்றும். 1974-ல் கனநீரைக் குடிக்கக் கொடுத்து, அது தண்ணீரைவிடக் கனம் என்பதால் நேர் எதிரான கண்ணசைவு வருவதைக் காட்டினார்கள். நம் சித்தூர்ப் பக்கத்துக் கள்ளுக்கடையிலும் கோயம்புத்தூர் ஸ்கேன் ரூமிலும் வளைவது அதே குபுலாதான், ஒன்றில் எடை வித்தியாசம், இன்னொன்றில் காந்த விசை.

பாதுகாப்பு பற்றி. சாதாரண உபயோகத்துக்கு 3 டெஸ்லா வரை என்றும், மருத்துவக் கண்காணிப்போடு 8 டெஸ்லா வரை என்றும் சர்வதேச விதி இருக்கிறது. அமெரிக்காவில் 7 டெஸ்லா மெஷினை நோயாளிகளுக்குப் பயன்படுத்த 2017-ல் அனுமதி கொடுத்தார்கள். பிரான்சில் 11.7 டெஸ்லா மெஷினில் மனித மூளையை எடுத்த படங்கள் 2024-ல் வெளிவந்தன. தலைசுற்றல் வராமல் இருக்க, எந்த 3 விநாடிக்குள்ளும் புலம் 2 டெஸ்லாவுக்கு மேல் மாறாதபடி நகர வேண்டும் என்று 2014-ல் சர்வதேசப் பாதுகாப்பு வழிகாட்டுதலும் வந்திருக்கிறது. ஆகவே டேபிளை மெதுவாக நகர்த்தச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை. கேளுங்கள், எங்களுக்கு அது ஒரு பட்டன் வேலை.

இனி அந்த "ஆனால்". என்னிடம் ஸ்கேனுக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் தலைசுற்றலுக்காகவே அனுப்பப்பட்டவர்கள், அவர்கள் உள்ளே போனாலும் சுற்றும், போகாவிட்டாலும் சுற்றும். வயதானவர்கள் அரை மணி மல்லாந்து படுத்துவிட்டுச் சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கிக் கண் இருட்டும், பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இன்னும் அதிகம். இது சுற்றல் இல்லை, மயக்கம் வருகிற மாதிரி இருக்கும், இரண்டையும் பிரித்துக் கேளுங்கள். சர்க்கரைக்காரர்கள் இன்சுலின் போட்டுக்கொண்டு, யாரும் சொல்லாமலே வெறும் வயிற்றோடு வந்துவிடுவார்கள், அது தனிக் கதை. காதுக்குள் இருக்கும் சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறி அரைவட்டக் குழாய்க்குள் விழுந்தவர்களுக்குப் படுக்கும்போதும் புரளும்போதும் எழும்போதும் சில விநாடி பலமாகச் சுற்றும், வீட்டில் கட்டிலில் புரண்டாலும் அதே மாதிரி வருகிறதா என்று அத்தையைக் கேளுங்கள். வருகிறது என்றால் அது காந்தம் இல்லை, காது டாக்டர் தலையைச் சில கோணங்களில் திருப்பியே சரி செய்வார்.

காந்தத்தால் வந்தது வெளியே வந்து உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட வேண்டும். மணிக்கணக்கில் நீடித்தால், அல்லது பேச்சுக் குழறினால், பார்வை இரட்டையாகத் தெரிந்தால், ஒரு கை கால் பலமிழந்தால், பிடிமானமில்லாமல் நிற்கவே முடியாவிட்டால், ஸ்கேனைக் குற்றம் சொல்லிக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது. பக்கவாதமாக இருக்கலாம், அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி.

ஆகவே அடுத்த ஸ்கேனுக்குத் தாராளமாகப் போகலாம். உள்ளே போகும் முன் டெக்னீஷியனிடம் போன தடவை இப்படி ஆனது என்று சொல்லிவிடுங்கள். டேபிளை மெதுவாக நகர்த்தட்டும். உள்ளே சுற்றினால் கண்ணைத் திறந்து மேலே ஏதாவது ஒரு இடத்தையே பார்க்கச் சொல்லுங்கள், தலையை ஆட்டவே கூடாது, ஆட்டினால் படமும் கெடும் சுற்றலும் கூடும். முடிந்ததும் எழுப்பாமல் ஒரு நிமிஷம் படுக்க வைத்து, பிறகு காலைத் தொங்கவிட்டு உட்கார வைத்து, கையைப் பிடித்து இறக்குங்கள். மெஷின் வாயருகே நின்று திரும்பித் திரும்பிப் பேசிக்கொண்டிருக்க வேண்டாம், நேராக வெளியே கூட்டிவந்து உட்கார வைக்கலாம். அன்று டூவீலரில் பின்னால் உட்கார வைக்காமல் பஸ்ஸோ காரோ பாருங்கள். 1.5 டெஸ்லாவில் எடுத்தால் சுற்றல் குறையும் என்பது சரிதான், ஆனால் அதற்காக மட்டும் மெஷினை மாற்ற வேண்டியதில்லை, எந்தப் படம் தேவை என்பதை வைத்து டாக்டர் முடிவு செய்யட்டும்.

மாமா விஷயம். காதுக்கு வெளியே மாட்டிக் கழற்றும் மெஷின் என்றால் ரூமுக்கு வெளியிலேயே கழற்றி உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே கொண்டுபோனால் அந்தக் காது மெஷின் கெட்டுவிடும். கழற்றிய பிறகு நாங்கள் சொல்வது அவருக்குக் கேட்காது, கையில் கொடுக்கும் பெல்லை எப்போது அழுத்த வேண்டும் என்பதைக் கழற்றுவதற்கு முன்னாலேயே சொல்லிவிடச் சொல்லுங்கள். ஆபரேஷன் செய்து தோலுக்கு அடியில் வைத்த காக்ளியர் இம்பிளான்ட் என்றால் கதையே வேறு. அதற்குள்ளேயே ஒரு காந்தம் இருக்கும். எந்த மாடல், எத்தனை டெஸ்லா வரை தாங்கும் என்பது ஆபரேஷன் செய்தபோது கொடுத்த கார்டில் எழுதியிருக்கும், அந்தக் கார்டு இல்லாமல் அவரைக் கூட்டிக்கொண்டு கிளம்பாதீர்கள்.